கையெழுத்திட்ட முதல் பதிப்பை எந்த வழியில் விற்பது?

ஆசிரியரின் கையெழுத்தோடு ஒரு முதல் பதிப்பு கையில் இருக்கிறது, விற்க வேண்டும். வழிகள் நான்கு. அரிய நூல் வியாபாரியிடம் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அவரிடமே கமிஷனுக்கு வைக்கலாம். ஏல நிறுவனத்துக்கு அனுப்பலாம். இணையத்தில் படம் போட்டு நாமே விற்கலாம். பெரும்பாலானோர் இந்த நான்கையும் பிடிக்கப்படும் சதவீதத்தை வைத்தே எடைபோடுகிறார்கள். வியாபாரி பாதி விலைதான் தருவார், ஏலத்திலோ பதினைந்து சதவீதம்தான் போகும், ஆகவே ஏலமே லாபம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பல நேரம் தப்பாகிறது.

ஒரு புத்தகத்தின் கடை விலை 100 என்று வைத்துக்கொள்வோம். பெயரெடுத்த வியாபாரி தன் பட்டியலில் போட்டு, ஆள் வரும்வரை காத்திருந்து விற்கும் விலை அது. அதே புத்தகத்தை அவர் கைக்காசு போட்டு வாங்கினால் 30 முதல் 50 வரை கொடுப்பார். 40 என்று கொள்வோம். இப்போது அதை ஏலத்துக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கே விலை கேட்பவர்களில் பலர் வியாபாரிகளே. மறுபடி 100க்கு விற்றாக வேண்டியவர்கள், எல்லாம் சேர்த்து 55க்கு மேல் ஏற மாட்டார்கள். இந்த 'எல்லாம்' என்பதில் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் கட்டணமும் அடக்கம். அது 25 சதவீதம் என்றால், சுத்தியல் விழும் விலை 44தான். அதிலிருந்து விற்பவரின் கமிஷன் 15 சதவீதம் போக 37.40. படம் எடுத்த செலவு, காப்பீடு என்று இன்னும் ஒன்றிரண்டு கழியும். வியாபாரி அன்றைக்கே எண்ணிக் கொடுத்திருக்கக்கூடிய 40ஐவிடக் குறைவான தொகை, நாலைந்து மாதம் கழித்து வந்து சேர்கிறது.

அதே ஏலத்தில் வேறொரு பிரதி வருகிறது, அதை விடுவதில்லை என்று இரண்டு சேகரிப்பாளர்கள் மல்லுக்கு நின்று, மொத்தத் தொகை 150 வரை போகிறது என்று வைத்துக்கொள்வோம். சுத்தியல் விலை 120, நம் கைக்கு 102. நிறுவனமும் கமிஷனும் மாறவில்லை. முதல் பிரதிக்கு 37, இரண்டாவதற்கு 102. போட்டி போட்டு வாங்க ஆளுள்ள பிரதியா, எங்கும் கிடைக்கிற பிரதியா என்பதுதான் வித்தியாசம். எனவே வழியைத் தேடுவதற்கு முன் கையில் இருப்பது என்னவென்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். வேலையில் முக்கால் பங்கு இங்கேதான்.

கையில் இருப்பது உண்மையில் முதல் பதிப்புதானா

சேகரிப்பாளர் 'முதல் பதிப்பு' என்று சொன்னால் முதல் பதிப்பின் முதல் அச்சு என்று பொருள். அதே எழுத்துக்கோப்பில் மூன்று வாரம் கழித்து அடித்த இரண்டாம் அச்சும் பதிப்பகக் கணக்கில் முதல் பதிப்புதான். சந்தையில் அதன் மதிப்பு பல மடங்கு குறைவு. அண்மைக் காலப் புத்தகங்கள் பலவற்றில் பதிப்புரிமைப் பக்கத்தின் அடியில் 1 முதல் 10 வரையோ 10 முதல் 1 வரையோ ஒரு எண்வரிசை இருக்கும். அதில் 1 இருந்தால் முதல் அச்சு. ஒவ்வொரு மறுஅச்சிலும் ஒரு எண்ணை நீக்குவார்கள்; 3 மிகச் சிறிய எண்ணாக நின்றால் அது மூன்றாம் அச்சு.

விதிவிலக்குகள் உண்டு, அவைதான் ஆளைக் கவிழ்க்கும். அமெரிக்காவின் ராண்டம் ஹவுஸ் பல ஆண்டுகள் 'முதல் பதிப்பு' என்ற சொற்களையும் 2இல் தொடங்கும் எண்வரிசையையும் சேர்த்தே அச்சிட்டது. இரண்டாம் அச்சு வரும்போது அந்தச் சொற்களை மட்டும் எடுத்துவிட்டால் 2 தானாக நிற்கும் என்பது அவர்கள் வசதி. அந்தப் புத்தகங்களில் 1 இல்லையே என்று முதல் அச்சை மலிவாகத் தள்ளிவிட்டவர்கள் உண்டு. ஸ்க்ரிப்னர் நிறுவனம் 1930 முதல் சில பத்தாண்டுகள் முதல் அச்சுக்கு 'ஏ' என்ற எழுத்தைப் போட்டு வந்தது. எந்தப் பதிப்பகம் எந்த ஆண்டில் எப்படிக் குறித்தது என்பதற்குக் கையேடுகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் பொதுவிதியை நம்பக் கூடாது.

உறுப்பினர்களுக்கென்று மலிவாக அடித்து அனுப்பும் புத்தகக் கழகப் பதிப்புகள் அடுத்த பொறி. அட்டைமேல் போர்த்திய தாளான மேலுறையின் உள்மடிப்பில் விலை இருக்காது. பின்னட்டையின் கீழ்மூலையில், முதுகை ஒட்டி, விரல் வைத்துத் தடவினால் மட்டும் தெரியும் சிறு பள்ளம் இருக்கும். தாள் மெலிதாகவும் புத்தகம் கொஞ்சம் லேசாகவும் இருக்கும். அதில் அசல் கையெழுத்தே இருந்தாலும், சந்தை அதைக் கையெழுத்துக்குரிய விலைக்குத்தான் எடுக்கும். முதல் பதிப்பு என்ற மதிப்பு சேராது.

சில புத்தகங்களுக்கு எண்வரிசையைத் தாண்டி அச்சுப்பிழைகளே அடையாளம். 1925இல் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி' என்ற அமெரிக்க நாவலின் முதல் அச்சில், 205ஆம் பக்கத்தில் 'சிக் அண்ட் டயர்ட்' என்றிருக்க வேண்டியது 'சிக் இன் டயர்ட்' என்று விழுந்திருக்கும். அதன் மேலுறையின் பின்பக்கத்தில் நாயகன் பெயரின் முதலெழுத்து சின்ன எழுத்தாக அச்சாகி, கையால் திருத்தப்பட்டிருக்கும். 1997இல் வந்த முதல் ஹாரி பாட்டரின் முதல் அச்சு கெட்டி அட்டையில் 500 பிரதிகளே அடிக்கப்பட்டது. 53ஆம் பக்கத்துப் பொருள் பட்டியலில் மந்திரக்கோல் இரண்டு தடவை வரும். ஆனால் பிழை மட்டும் போதாது. எண்வரிசை 10 முதல் 1 வரை முழுதாக நிற்கவும் வேண்டும். ஒற்றை அடையாளத்தை வைத்து முடிவு கட்டுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

பிறகு மேலுறை. இருபதாம் நூற்றாண்டுப் புத்தகங்களில் மதிப்பின் பெரும்பகுதி இந்தத் தாளில்தான் இருக்கிறது. மேலுறை இல்லாத கேட்ஸ்பிக்கும் உள்ளதற்கும் இடையே பல மடங்கு இடைவெளி. அதனால் வேறொரு பிரதியிலிருந்து கழற்றி மாட்டிய மேலுறைகளும் நகல் மேலுறைகளும் சந்தையில் நிறையத் திரிகின்றன. புற ஊதா விளக்கு இங்கே கைகொடுக்கும். தாளை வெளுக்கச் சேர்க்கும் ஒளிரும் பொருள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவலானது. 1920களின் மேலுறை இருட்டறையில் அந்த விளக்கின் கீழ் நீலவெள்ளையாகப் பளபளத்தால் அது நேற்றைய தாள். உள்மடிப்பின் மூலையைக் கத்தரித்து விலையை எடுத்திருந்தால் அதுவும் மதிப்பைக் குறைக்கும். பரிசு கொடுப்பதற்காக யாரோ வெட்டியிருப்பார்கள். ஆனால் புத்தகக் கழக மேலுறையை மறைக்கவும் அதே கத்தரிக்கோல்தான்.

கையெழுத்தின் தரம்

எல்லாக் கையெழுத்தும் ஒரே எடை அல்ல. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் வெறும் பெயரை மட்டும் எழுதியிருப்பது பொதுச் சந்தையில் எளிதில் போகும். யாரோ ஒருவர் பெயரைச் சொல்லி 'அன்புடன்' என்று எழுதியிருந்தால், இன்று வாழும் ஆசிரியர்களைப் பொறுத்தவரை விலை சற்று இறங்கும். அடுத்தவர் பெயர் தன் அலமாரியில் இருப்பது பலருக்குப் பிடிக்காது. அந்த 'யாரோ' இன்னொரு எழுத்தாளராகவோ, ஆசிரியரின் மனைவியாகவோ, புத்தகம் யாருக்குச் சமர்ப்பிக்கப்பட்டதோ அவராகவோ இருந்தால் கதை தலைகீழ். அதுதான் உறவுப் பிரதி; ஏலத்தில் மோதல் நடப்பது இவற்றுக்குத்தான்.

கையெழுத்திட்ட தனித்தாளைப் பின்னர் சேர்த்துக் கட்டிய பிரதிகள் இன்று மிக அதிகம். பதிப்பகம் ஆயிரக்கணக்கில் வெற்றுத்தாளை ஆசிரியர் வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கி, கட்டும்போது உள்ளே சேர்த்துவிடும். ஆசிரியர் அந்தப் புத்தகத்தைத் தொட்டதே கிடையாது. அதற்கும் கீழே, முன்பக்கத்தில் ஒட்டப்பட்ட கையெழுத்துச் சீட்டு. எந்தப் புத்தகத்திலும் ஒட்டிவிடலாம் என்பதால் மதிப்பு மிகக் குறைவு.

பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துக் கையெழுத்தைப் பாருங்கள். கோட்டுக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. மை தாளின் இழையோடு ஓடி, வேகமாக இழுத்த இடத்தில் மெலிந்து, திரும்பும் இடத்தில் தடித்து, முடிவில் ஊசியாகத் தேய்ந்திருந்தால் நல்ல அறிகுறி. தொடக்கத்திலும் முடிவிலும் அழுத்தமான பொட்டு, நடுவில் முழுக்க ஒரே தடிப்பு, கோட்டில் நுண்ணிய நடுக்கம் என்றால், ஒரே கையெழுத்தைப் பேனா பிடித்துத் திரும்பத் திரும்பப் போடும் ஆட்டோபென் இயந்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும். மனிதர் இரண்டு தடவை போடும் கையெழுத்து அச்சாக ஒத்துப்போகாது. இயந்திரத்தினுடையது ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்தும். 2022 நவம்பரில் பாடகர் பாப் டிலனின் புத்தகம் ஒன்று கையெழுத்துப் பிரதி என்று 900 எண்ணிக்கையில், ஒன்று 600 டாலர் அளவுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்கள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தே குட்டை உடைத்தார்கள். பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

பேனாவின் வயதையும் பாருங்கள். அமெரிக்கக் கடைகளுக்குப் பால்பாயிண்ட் பேனா வந்தது 1945 அக்டோபரில். கேட்ஸ்பி எழுதிய ஃபிட்ஸ்ஜெரால்ட் 1940 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். பால்பாயிண்டில் போட்ட அவருடைய கையெழுத்துக்கு நிபுணர் தேவையில்லை. அதே காலத்துப் புத்தகத்தில், 1970 வரை வாழ்ந்த ஆசிரியர் ஒருவரின் பால்பாயிண்ட் கையெழுத்து இருந்தால் அது குற்றம் ஆகாது. பழைய புத்தகத்தில் பிற்காலத்தில் போட்டிருக்கலாம்.

கூடவே வரும் 'உண்மைச் சான்றிதழ்' பற்றி ஒரு வார்த்தை: யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதைவிட, வாங்கிய ரசீதும், கையெழுத்து நிகழ்ச்சியின் அழைப்பிதழும், எந்த நூலகத்திலிருந்து எப்படி வந்தது என்ற தொடர்ச்சியும் பலமானவை. அவற்றைப் புத்தகத்துக்குள் செருகி வைக்காமல் தனி உறையில் வையுங்கள். செய்தித்தாள் துண்டு உள்ளே இருந்தால் அதன் அமிலம் இரண்டு பக்கத்திலும் பழுப்புக் கட்டமாக இறங்கிவிடும்.

ஒரேயடியாக வியாபாரிக்கு

வேகம், நிச்சயம், தலைவலி இல்லாமை. இவற்றுக்கான விலைதான் வியாபாரி கழிக்கும் அந்த 50 முதல் 70 சதவீதம். அவரை யாரும் கொள்ளைக்காரராகப் பார்க்க வேண்டியதில்லை. புத்தகம் இரண்டு வருடம் அலமாரியில் இருக்கலாம். அவர் பணம் அதில் முடங்குகிறது. நாளை கையெழுத்து போலி என்று தெரிந்தால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியவரும் அவரே. அமெரிக்க வியாபாரிகள் சங்கம், 1906இல் தொடங்கிய பிரிட்டன் சங்கம், இவை அடங்கிய சர்வதேசக் கூட்டமைப்பு ஆகியவற்றின் உறுப்பினர்கள், விற்பதன் உண்மைத்தன்மைக்கும் விவரிப்புக்கும் பொறுப்பேற்கிறார்கள்.

ஒரே வியாபாரியிடம் போய் நிற்காதீர்கள். அந்த ஆசிரியரையோ துறையையோ தொடர்ந்து விற்கும் மூன்று பேருக்கு அதே படங்களையும் விவரத்தையும் அனுப்புங்கள். துறை தெரிந்தவருக்குக் காத்திருக்கும் வாடிக்கையாளர் இருப்பார். அவர் 50ஐயும் தாண்டிக் கொடுப்பார். தெரியாதவர் பயத்தில் 25 சொல்வார். 'நீங்கள் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?' என்ற கேள்வி முதலிலேயே வரும். கடைப் பட்டியல் விலையைச் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கடை விலையின் பாதியை ஒட்டிச் சொன்னால் பேரம் தொடங்கும். கூலி வாங்கிக்கொண்டு மதிப்பிட்டவரிடமே விற்காமல் இருப்பது நல்லது. குறைத்துச் சொல்வதில் அவருக்கு லாபம் இருக்கிறது.

கமிஷனுக்கு வைப்பது

இந்த வழியைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. நடுத்தர மதிப்புள்ள நல்ல பிரதிக்கு, எங்கள் கணிப்பில், பல நேரம் இதுவே சரி. வியாபாரி தன் பெயரில், தன் வாடிக்கையாளரிடம், கடை விலைக்கே விற்கிறார். 20 முதல் 40 சதவீதம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறார். முன்கணக்கில் 30 என்று வைத்தால் நமக்கு 70. ஏலத்தின் சாதாரண நாளில் கிடைத்த 37ஐப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஒரே சிக்கல், எப்போது விற்கும் என்று தெரியாது.

பிசகுவது எல்லாம் எழுத்தில் இல்லாதவற்றில்தான். கால அளவு எவ்வளவு, பொதுவாக ஆறு மாதமா ஒரு வருடமா. எந்த விலைக்குக் கீழே நம்மைக் கேட்காமல் விற்கக் கூடாது. வழக்கமான வாடிக்கையாளருக்கு அவர் கொடுக்கும் பத்து சதவீதத் தள்ளுபடி யார் பங்கிலிருந்து போகும். கடையில் இருக்கும்போது தண்ணீர் பட்டாலோ திருடு போனாலோ காப்பீடு யாருடையது. விற்றபின் எத்தனை நாளில் பணம். இந்த ஐந்தும் தாளில் இருக்க வேண்டும். ஆறாவதாக ஒன்று: விற்பனையாகும்வரை புத்தகம் நமக்கே சொந்தம் என்ற வரி. கடை நொடித்துப்போனால் கடன்காரர்கள் அலமாரியோடு அள்ளிக்கொண்டு போகும்போது அந்த வரி மட்டுமே நம் பக்கம் நிற்கும்.

ஏலம்

ஏலத்துக்கு ஏற்ற பிரதி அரியதாக இருக்க வேண்டும், இரண்டு பேராவது விரும்ப வேண்டும், விலை எவ்வளவு என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாமல் இருக்க வேண்டும். உறவுப் பிரதிகள், ஆசிரியரின் திருத்தக் குறிப்புள்ள பிரதிகள், பழுதில்லாத மேலுறையோடு வரும் பெரும்பெயர் புத்தகங்கள் இந்த வகை. இணையத்தில் தேடினால் இருபது பிரதி கிடைக்கும் புத்தகத்துக்கு ஏலம் வீண். அங்கே விலை ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும், ஏற்றிக் கேட்க யாருக்கும் காரணம் இல்லை.

அனுப்பும் முன் அந்த நிறுவனத்தின் பழைய முடிவுகளைப் பாருங்கள். அதே ஆசிரியரின் புத்தகங்கள் அங்கே முன்பு போயிருக்கின்றனவா? பழம்பொருள், நகை, மேசை நாற்காலிக்கு நடுவே ஒரு பெட்டிப் புத்தகம் விற்கும் பொது ஏலத்தில் கையெழுத்துப் பிரதியைப் போட்டால், அன்று அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு வியாபாரிக்கு நல்ல நாள். புத்தகத் துறை தனியாக உள்ள நிறுவனமே வேண்டும்.

பேச வேண்டியவை பல. கமிஷன் குறையும், மதிப்பு அதிகமானால் பூஜ்யம் வரைகூட இறங்குவார்கள். படக் கட்டணத்தைத் தள்ளச் சொல்லலாம். தனி ஏல எண்ணில் விற்கப்படுமா, 'இருபதாம் நூற்றாண்டு நாவல்கள், ஏழு' என்று ஒரு கட்டுக்குள் சேர்க்கப்படுமா என்பதை முதலிலேயே கேளுங்கள். இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று நாம் வைக்கும் குறைந்தபட்ச விலை மிக முக்கியம். அது பெரும்பாலும் மதிப்பீட்டின் கீழ்எல்லையைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம். 60 முதல் 80 என்று மதிப்பிட்டால் 60ஐவிட மேலே வைக்க விட மாட்டார்கள். மதிப்பீட்டை உயர்த்தி எழுதச் சொல்லி வற்புறுத்துவது விற்பவர்கள் தங்களுக்கே வைத்துக்கொள்ளும் வேட்டு. மதிப்பீடு தாழ்ந்திருந்தால் பலர் விலை கேட்கத் துணிவார்கள், கேட்கத் தொடங்கியவர் எளிதில் விட மாட்டார். உயர்ந்திருந்தால் முதல் கையே எழாது.

கை எழாமல் திரும்பிய பிரதிக்கு வடு உண்டு. ஏல முடிவுகள் எல்லாம் இணையத் தரவுத்தளங்களில் பதிவாகின்றன. அடுத்த வியாபாரி அதைப் பார்த்துவிட்டுத்தான் நம்மிடம் பேசுவார். விலைபோகாததற்குக் கட்டணம் பிடிக்கும் நிறுவனங்களும் உண்டு. அப்படித் திரும்பினால் உடனே வேறு ஏலத்துக்கு ஓடாமல் இரண்டு மூன்று வருடம் ஆறப்போடுவது அல்லது அமைதியாகக் கமிஷன் வழிக்கு மாறுவது புத்திசாலித்தனம்.

காலத்தையும் கணக்கில் வையுங்கள். கொடுப்பதற்கும் ஏல நாளுக்கும் இடையே மூன்று நான்கு மாதம்; அதன்பின் பணம் வர ஒரு மாதத்துக்கு மேல். வாங்கியவர் பணம் கட்டாவிட்டால் இன்னும் இழுக்கும்.

நாமே விற்பது

எண்ணளவில் கவர்ச்சியானது. ஆனால் நமக்கு வியாபாரியின் பெயர் கிடையாது. அதனால் 100க்குப் போகும் புத்தகம் நம்மிடம் 75, 80க்குத்தான் போகும். தளத்தின் கட்டணமும் பணப் பரிமாற்றச் செலவும் சேர்ந்து ஏறக்குறைய 15 சதவீதம். 80இல் 12 போனால் 68. பொதி கட்டும் செலவு, காப்பீட்டோடு அனுப்பும் செலவு எல்லாம் போக 60 சொச்சம். கமிஷன் வழியைவிடக் குறைவு, வேலை முழுவதும் நம் தலையில். கடை விலையே அதிகமில்லாத சாதாரணக் கையெழுத்துப் பிரதிகளுக்கு, வியாபாரிகள் தொடவே மாட்டார்கள் என்பதால், இதைவிட்டால் வேறு வழி இல்லை.

விலை வைக்கும்போது மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். பல வருடமாக விற்காமல் கிடப்பவைதான் பட்டியலில் நிற்கின்றன. முடிந்த விற்பனைகளின் விலையைத் தேடுங்கள்.

விவரிப்பில் நிலையைச் சொல்லும் சொற்களுக்குத் தொழிலில் நிலைத்த பொருள் உண்டு. 1949இல் ஏபி புக்மேன்ஸ் வீக்லி என்ற அமெரிக்கத் தொழில் இதழ் வகுத்த படிநிலை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: புதிது போல, ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர். இதில் 'குட்' என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. எல்லாப் பக்கமும் இருக்கிறது, நன்றாகத் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். படிநிலையை ஒரு படி கூட்டிச் சொன்னால் புத்தகம் திரும்பி வரும். ஒரு படி குறைத்துச் சொன்னால் நல்ல பெயர் வரும்.

சொல்ல வேண்டியதை இந்த மாதிரி சொல்லுங்கள்: 'முதல் பதிப்பு, முதல் அச்சு, எண்வரிசை 1 முதல் முழுமை. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் நீல மையில் பெயர் மட்டும் எழுதியிருக்கிறார். தனித்தாள் அல்ல, புத்தகத்தின் தாளிலேயே. மேலுறையில் விலை வெட்டப்படவில்லை. முதுகின் மேல்முனையில் 4 மில்லிமீட்டர் கிழிசல், முதுகு சற்று வெளிறியது. கீழ்விளிம்பில் கருப்பு மையால் கழிவு விற்பனைக் கோடு (விற்காமல் மீந்து மலிவாகத் தள்ளப்பட்டதன் அடையாளம்). முன்னட்டைக் கீல் உறுதி. பழுப்புப் புள்ளிகள் முதல் இரண்டு தாளில் மட்டும்.' கூடவே பத்துப் பன்னிரண்டு படம்: ஆறு பக்கமும், பதிப்புரிமைப் பக்கம், கையெழுத்து அருகிலிருந்து ஒன்று, சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று, ஒவ்வொரு குறைக்கும் ஒன்று.

கையெழுத்தைத் தெளிவாகப் பெரிதாக்கிப் போட்டால் போலி செய்பவருக்கு மாதிரி கொடுத்ததாகிவிடாதா என்று சிலர் தயங்குவார்கள். தயக்கம் நியாயமே; படத்தின் குறுக்கே மங்கலாக ஓர் எழுத்துக் குறி போட்டுவிடுங்கள், ஆனால் படத்தைத் தவிர்க்க வேண்டாம்.

மோசடியில் மிக மோசமானது பிரதி மாற்றம். நல்ல பிரதியை வாங்கி, தன்னிடமிருக்கும் அடிபட்ட பிரதியைத் திருப்பி அனுப்பிப் பணத்தைக் கேட்பது. இதற்கு எதிராக, எந்த இரண்டு பிரதியிலும் ஒத்துவராத சின்னச் சின்ன அடையாளங்களைப் படமெடுத்து வையுங்கள்: தாளிலுள்ள இழை, முதுகின் மேல்முனையில் உள்ள தலைப்பட்டைத் துணியில் நீண்டிருக்கும் நூல், 87ஆம் பக்கத்து மூலை மடிப்பு. எந்தப் பக்கம் என்று வாங்குபவரிடம் சொல்ல வேண்டாம்.

கட்டுவதற்குக் குமிழிப் பை மட்டும் போதாது. மேலுறைக்கு அமிலமில்லாத பாலியெஸ்டர் உறை போடுங்கள், ஒட்டுநாடா மேலுறையில் படவே கூடாது. பிறகு ஒரு சுற்று அமிலமில்லாத தாள், அதற்கு மேல் நீர் புகாத பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் புத்தகத்தைவிடப் பெரிதாக வெட்டிய இரண்டு அட்டைப் பலகைகள். மூலை அடிபடுவதைத் தடுப்பது இந்த அட்டைகள்தான். குமிழித் தாளைச் சுற்றி, எல்லாப் பக்கமும் இரண்டு அங்குல இடைவெளி விட்ட பெட்டிக்குள், குலுக்கினால் அசையாதபடி நிரப்புங்கள். குமிழித் தாளைச் சுற்றும்போது குமிழி வெளிப்பக்கம் பார்க்கட்டும். உள்ளே பார்த்தால், வெயிலில் நாட்கணக்கில் கிடக்கும் பெட்டியில் குமிழிகள் உறையில் வட்டவட்டமாகப் பதியும். முழுத் தொகைக்கும் காப்பீடு, பெற்றவர் கையொப்பம் இரண்டும் கட்டாயம்.

பல புத்தகம் சேர்ந்து வரும்போது

பெரும்பாலும் விற்பனைக்கு வருவது ஒற்றைப் புத்தகமாக இருக்காது. யாரோ நாற்பது வருடம் சேர்த்தது, வீட்டார் கையில் எண்பது புத்தகமாக நிற்கும். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே ஏலத்துக்கு அனுப்பினால் நல்லது ஐந்தும் கெட்டது எழுபத்தைந்தும் ஒரே கட்டாகப் போய்விடும். அதே சமயம், ஒரு வியாபாரி வந்து நல்ல ஐந்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனால் மிச்சத்தை யாரும் சீண்ட மாட்டார்கள்.

முதலில் பட்டியல் போடுங்கள்: பதிப்பு, அச்சு, மேலுறை, கையெழுத்தின் வகை, குறை. உறவுப் பிரதிகளும் பெரும்பெயர்களும் தனியே; அவற்றுக்கு ஏல நிறுவனத்திடம் மதிப்பீடு கேளுங்கள், கேட்பதற்குப் பெரும்பாலும் காசு கிடையாது. பெயர் மட்டும் எழுதிய நல்ல நிலைப் பிரதிகள் கமிஷனுக்கு. மிச்சத்துக்கு வியாபாரியிடம் ஒரு விலை பேசுங்கள், அதோடு கமிஷன் புத்தகங்களையும் அவரிடமே கொடுப்பதாகச் சொல்லுங்கள். பொறுக்க வந்தவர் மொத்தத்தையும் எடுக்க இந்த ஒரு தூண்டில் போதும். நூலக முத்திரை உள்ள புத்தகம் ஒன்றுகூட இருந்தால் 'விலக்கப்பட்டது' என்ற முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விற்பனைக்கு வைக்கும் முன் அந்த நூலகத்துக்கு எழுதிக் கேட்டுவிட வேண்டும். திருட்டுப் புத்தகங்களுக்கென்று சர்வதேச வியாபாரிகள் கூட்டமைப்பு வைத்திருக்கும் பதிவேட்டை எந்த நல்ல வியாபாரியும் முதலில் திறந்து பார்ப்பார். பட்டியலில் ஒரு தலைப்பு அங்கே அகப்பட்டால், மற்ற எழுபத்தொன்பதின் விலையும் அன்றே இறங்கும்.